சின்னராசாவின் வாக்கு

சின்னராசாவுக்குத் தொழில் இரண்டு. விடிந்ததும் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை இறக்குவான். முதலாளி ஆள் அனுப்பினால் மூட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போய் யாரையாவது அடிப்பான். கொச்சிக்கடையில் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இரண்டாவது தொழில்தான். அந்தோனியார் கோவில் பக்கமாக அவன் தோளை அசைத்துக்கொண்டு நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் பாதையின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவார்கள். சண்டியன் என்று முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் சொன்னதில்லை.

முதலாளி என்றால் சவரிமுத்து முதலாளி. கப்பல் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர். உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அவருக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்தது. வெள்ளைக்காரன் போகப் போகிறான், பாராளுமன்றம் வரப்போகிறது, தேர்தல் நடக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. முதலாளி பணக்கார வேட்பாளர் ஒருவருக்குப் பின்னால் நின்றார். துறைமுகத் தொழிலாளரோ சங்கம் நிறுத்தப்போகும் ஆளுக்குத்தான் வோட்டு என்று வெளிப்படையாகவே கதைத்தார்கள். அந்தத் தொழிலாளரில் முக்கால்வாசிப்பேரின் அப்பன் பாட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்.

முதலாளிக்கு வழி அங்கேதான் திறந்தது. இந்திய வழி வந்த குடும்பம் என்றால், இந்த நாடுதான் எங்கள் வீடு என்று காட்டினால்தான் வாக்காளர் பட்டியலில், அதாவது இடாப்பில், பெயர் நிற்கும். எவனாவது ஒருவன் எதிர்மனுப் போட்டுவிட்டால், பெயருக்குரியவர் விசாரணைத் துரைக்கு முன்னால் நேரில் போய் நின்று பதில் சொல்லவேண்டும். போகாதவரின் பெயர் வெட்டப்படும். அவ்வளவுதான் சட்டம். முதலாளி தன் கிளாக்கரைக் கொண்டு எதிர்மனுக்களைப் போடவைத்தார். மிச்ச வேலையைச் சின்னராசாவிடம் விட்டார்.

"விசாரணைக்கு ஒருத்தனும் போகக் கூடாது. போகாம இருந்தா துரையே வெட்டிருவாரு. நம்ம கையில ரத்தம் படத் தேவையில்ல" என்றார்.

ரத்தம் பட்டது. முதல் விசாரணை நாளன்று, கொட்டாஞ்சேனைக்கு ஏறும் சந்தியில் சின்னராசாவும் அவன் கூட்டாளி லாசரும் ஏழெட்டுப் பேரோடு நின்றார்கள். கிறேன் வேலை பார்க்கும் வேலாயுதம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு முதலில் வந்தான். "திரும்பிப் போ" என்றான் சின்னராசா. "துரை கூப்பிட்டிருக்காரு அண்ணே" என்றான் வேலாயுதம். சின்னராசா அவன் வலது கையைப் பிடித்து, பக்கத்து மதில் விளிம்பில் வைத்து, முழங்கையால் ஒரே இடி. பச்சை விறகு முறிகிற சத்தம் கேட்டது. பெண்சாதி போட்ட கூச்சலில் பின்னால் வந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள், பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். அன்று பின்னேரம் அவர்கள் எல்லாருடைய பெயரும் இடாப்பிலிருந்து போயிற்று.

சின்னராசா வீட்டுக்குப் போய்க் கை கழுவிவிட்டுச் சோறு தின்றான். அவனுக்கு அது வேலை.

அடுத்த விசாரணைத் தவணைக்கான அறிவித்தல்கள் வந்தபோது அவன் குடியிருந்த தோட்டத்துக்கும் வந்தன. தோட்டம் என்றால் மரமோ செடியோ கிடையாது. ஒரே தண்ணீர்க் குழாயைச் சுற்றி நெருக்கிக் கட்டிய தகர வீட்டு வரிசைகளைக் கொழும்பில் அப்படித்தான் சொல்வார்கள். அவன் பெண்சாதி சீனியம்மா தேயிலை ஸ்டோரில் தூசி பிரிக்கிற வேலையால் வந்து, முந்தானையை உதறிவிட்டு, அறிவித்தலை அவன் மடியில் போட்டாள்.

"வாசிக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட கேட்டேன். எம் பேரும் இருக்கு. உங்க பேரும் இருக்கு."

"எனக்கா? ஏன்?"

"நாப்பத்திரண்டுல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப இந்தியாவுக்கு ஓடிட்டமாம். இந்த நாடு நமக்கு வீடு இல்லியாம்."

சின்னராசா முதலில் சிரித்தான். பிறகு நிறுத்திவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்கு மேலே விமானங்கள் இரைந்தபோது அவன் படகுத்துறையில் இருந்தான். எண்ணெய் எரிந்த தண்ணீருக்குள் இறங்கி, தோல் கழன்ற உடல்களைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக் கரையில் போட்டவன் அவன். ஒரு மாலுமியின் கையைப் பிடித்து இழுத்தபோது கை மட்டும் வந்தது. அந்த நாற்றம் போவதற்குப் பல நாள் பிடித்தது. அப்போது சவரிமுத்து முதலாளி நீர்கொழும்புக்கு அப்பால் எங்கேயோ ஒரு தென்னந்தோட்டத்தில் குடும்பத்தோடு ஒளிந்திருந்தார். இந்தியாவைச் சின்னராசா கண்ணாலும் கண்டதில்லை.

நேரே முதலாளியின் சரக்குக் கிட்டங்கிக்குப் போனான். முதலாளி கந்தோர் அறையில், மேசைக்குப் பின்னால் இருந்தார். லாசரும் மற்றவர்களும் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முதலாளி, கிளாக்கர் ஆள் மாறிப் போட்டுட்டாரு. என் பேரும் சீனி பேரும் வந்திருக்கு."

"மாறல்ல. உங்க தோட்டம் முழுக்கத்தான் போட்டது."

"நான் உங்க ஆளு."

"நீ என் ஆளு. உன் பெண்டாட்டி? சங்கத்துப் பொம்பளைங்களோட கூட்டத்துக்குப் போறாளே, தெரியாதா?" முதலாளி வெற்றிலையை மென்றபடியே சொன்னார். "உனக்கு எதுக்கடா வோட்டு? உன் கைதான்டா உன் வோட்டு. இந்தியாக்காரனுக்கு நான் சோறு போடுறதே பெரிசு."

சின்னராசா அறைந்தான். யோசித்து அறையவில்லை. முதலாளியின் வாயிலிருந்து வெற்றிலைச் சாறும் ரத்தமும் மேசைக் கடுதாசிகளில் தெறித்தன. நாற்காலியோடு சாய்ந்து விழுந்தவரை அவன் இரண்டாம் தரம் தொடவில்லை. தொட விடவும் இல்லை. லாசர் பின்னாலிருந்து சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிட்டான்.

பத்து வருஷம் ஒன்றாக அடித்தவர்கள். எங்கே அடித்தால் ஆள் விழுவான், எங்கே அடித்தால் எழும்பமாட்டான் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே சின்னராசாதான். அந்தப் பாடத்தை அன்று அவன் மேலேயே வரிசை பிசகாமல் செய்து காட்டினார்கள். முழங்கால், விலா, பிறகு வாய். கடைசியில் லாசர் அவன் இடது கையைத் தரையில் விரித்துவைத்து, பெட்டி உடைக்கிற இரும்பால் விரல்களில் குத்தினான்.

"முதலாளி கையைச் சொன்னாரு மச்சான். நான் என்ன செய்ய?" என்று அழுகிற மாதிரிச் சொன்னான். குத்துவதை நிறுத்தவில்லை.

தெருவோரம் கிடந்தவனைத் தூக்கியது சாப்பாட்டுக்கடை றவூப். கொச்சிக்கடையில் எல்லாருக்கும் அவர் றவூப் நானா. பருத்த உடம்பு, உரத்த வாய். துறைமுகத் தொழிலாளருக்கு வயிறு நிறையச் சோறு போடுகிற கடை. சின்னராசா அந்தக் கடையில் எத்தனையோ தரம் தின்றுவிட்டுச் சும்மா எழும்பிப் போயிருக்கிறான். நானா அவனைக் கடை மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கிடத்தினார். கண் திறந்தபோது சீனியம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் அழவில்லை.

"நானா கடை மாடியிலதான் சங்கத்துக் கூட்டம் நடக்குது. நான் வர்றதும் இங்கதான். உங்களுக்குச் சொல்லல்ல" என்றாள்.

"எதுக்கு உனக்கு இது?"

"முப்பத்தாறாம் வருஷத் தேர்தல்ல சாவடியில இருந்த துரை எம் பேரை வாசிச்சாரு. சீனியம்மான்னு. ஸ்டோர்ல நான் ஒரு நம்பர். தோட்டத்துல நான் சண்டியன் பொண்டாட்டி. அங்க மட்டுந்தான் எம் பேரு." அவன் கையில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டினாள். "வெள்ளவத்தையில ஒரு பிரக்கிராசி ஐயா இருக்காரு. நம்ம கேஸெல்லாம் அவர்தான் பேசுறாரு. எழும்பி நடக்க முடிஞ்சதும் போகணும்."

"அவரோட ஆளு கையத்தானே நான் முறிச்சேன்."

"தெரியும். அவருக்கும் தெரியும்."

பிரக்கிராசி கனகசபாபதியின் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைத் தண்டவாளத்துக்குக் கிட்ட. கோச்சி போகும்போது யன்னல் கண்ணாடிகள் நடுங்கும். யாழ்ப்பாணத்து மனிதர், மெலிந்த உடம்பு, கறுப்புக் கோட்டு. சின்னராசாவும் சீனியம்மாவும் போனபோது விறாந்தையில் அவருடைய மைத்துனர் ஒருவர் இருந்து உரக்கக் கதைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைக் கண்ட பிறகும் குரலைத் தாழ்த்தவில்லை.

"அத்தான், உங்களுக்கு என்ன விசர்? இந்தியாவால வந்த வடக்கத்தையானுக்கு வோட்டு இருந்தால் என்ன, இல்லாட்டில் என்ன? எங்கட சனத்தைப் பாருங்கோ."

"எங்கட சனத்தைத்தான் பாக்கிறன்" என்றார் கனகசபாபதி. "இண்டைக்கு இவையின்ர பேரை வெட்டுற கத்தி, வெட்டிப் பழகின பிறகு உறைக்குள்ள போகுமெண்டு நினைக்கிறீரே? நீர் போம், தேத்தண்ணி ஆறுது."

பிறகு சின்னராசாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வீங்கிய முகத்தையும் துணி சுற்றிய கையையும் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை.

"வேலாயுதத்தின்ர கையை முறிச்சது நீர்தானே?"

"ஆமாங்க ஐயா."

"அவன் இனிக் கிறேனில ஏறமாட்டான். அதுக்கு நான் உம்மை மன்னிக்கேல்லை. மன்னிக்கிறது என்ர வேலையுமில்லை. ஆனால் நீர் எனக்குத் தேவை. சனம் விசாரணைக்கு வரப் பயப்படுது. நீர் முன்னுக்கு நடந்தால் வரும். ஒரேயொரு நிபந்தனை. நீர் கை ஓங்கக் கூடாது. எங்கட பக்கத்தில ஒரு அடி விழுந்தால், கலகக்காரர் எண்டு சொல்லி விசாரணையை நிப்பாட்டிப்போடுவினம். அடிச்சால் வாங்கும். வாக்குத் தாரும்."

அடி வாங்கச் சொல்லிச் சின்னராசாவிடம் யாரும் கேட்டதில்லை. சீனியம்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தர்றேன் ஐயா" என்றான்.

றவூப் நானா கடை மாடியில் கூட்டம் கூடியது. அப்படி ஒரு கூட்டத்தைக் கொச்சிக்கடை அதற்கு முன் கண்டதில்லை. வெள்ளவத்தையிலிருந்து இரண்டு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார், முஸ்லிம் கடைக்காரர் சிலர், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்து மேபல் ரீச்சர், சங்கத்துத் தொழிலாளர். முதல் அரை மணித்தியாலம் ஒருவரை ஒருவர் ஏசுவதிலேயே போயிற்று. சின்னராசா ஏறி வந்ததும் கையைக் கழுத்தில் துணியால் கட்டித் தொங்கவிட்டிருந்த வேலாயுதம் எழும்பி அவன் முகத்தில் துப்பினான். சின்னராசா துடைக்காமல் நின்றான். துப்பியவன் மறுபடி உட்கார்ந்தான், எழும்பிப் போகவில்லை. கூட்டம் அதற்குப் பிறகுதான் ஒழுங்காக நடந்தது.

"குண்டு போட்ட காலம் நீங்கள் இஞ்சதான் இருந்தனியள் எண்டு நீங்களே சொன்னால் துரை நம்பமாட்டார்" என்றார் கனகசபாபதி. "உங்கட சாதிசனமில்லாத ஒரு ஆள் சொல்லவேணும். துறைமுகத்தில வேலைசெய்த சிங்கள ஆள் ஒருத்தர் வந்தால் நல்லம்."

"சைமன் அய்யே இருக்காரு" என்றாள் சீனியம்மா, சிங்களவர் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில்.

சின்னராசா தலையைக் குனிந்தான். முந்தின வேலைநிறுத்தத்தில் சைமனின் முன்பல்லை உடைத்தது அவன்தான்.

மறுநாளே போய்க் கேட்டான். சைமன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எழும்பி, சின்னராசாவின் வாயில் குத்தினான். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தது. சின்னராசா கையைக் கீழேயே வைத்திருந்தான். சைமனுக்கு அது விளங்கவில்லை. இன்னொரு குத்துக் குத்திப் பார்த்தான். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, உடைந்த தமிழில், "நீ அடிக்கிறது இல்லையா?" என்று கேட்டான்.

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"எப்ப வரைக்கும்?"

"விசாரணை முடியிற வரைக்கும்."

சைமன் ஓட்டைப் பல் தெரியச் சிரித்தான். "அப்ப சரி. நான் வாறது."

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்க, பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில் லாசரின் ஆட்கள் றவூப் நானாவின் கடைக்குள் புகுந்தார்கள். இருக்கை வாங்குகளைத் தூக்கிக் கண்ணாடி அலமாரியில் எறிந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கிழவன் ஒருவனைச் சோற்றுக் கோப்பையாலேயே மண்டையில் அடித்தார்கள். நானா அடுப்படி வாசலை மறித்து நின்றார். ஒருவன் கொதித்துக்கொண்டிருந்த கறிச் சட்டியைத் தூக்கி அவர் மேல் ஊற்றினான். கழுத்திலிருந்து முழங்கை வரை தோல் வெந்து தொங்கியது. மாடியில் இருந்த சின்னராசா படியால் இறங்கப் போனவன், பாதிப் படியில் இருந்துவிட்டான். நல்ல கையால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் கம்பி வளைந்திருந்ததைப் பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

பின்னேரம் கடைக்காரர் சிலர் வந்து நானாவின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றார்கள். "நானா, இது எங்கட பிரச்சினை இல்ல. விட்டுடுங்க" என்றார்கள்.

நானாவின் மனைவி றலியா தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். அவளே பதில் சொன்னாள்: "பதினஞ்சாம் வருஷக் கலவரத்தில எங்கட வாப்பாட கடய எரிச்ச நேரமும் பக்கத்துக் கடக்காரங்க இதத்தான் சென்ன. எங்கட பிரச்சினை இல்லண்டு. நீங்க போங்கொ."

இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டார்கள்.

விசாரணை நாள் வந்தது. கோவில் மணி அடித்து ஓய்ந்ததும் தோட்டத்துச் சனம் தெருவில் இறங்கியது. பெண்கள் நடுவில், ஆண்கள் இரண்டு பக்கமும், முன்னால் சின்னராசா. அவனுக்குப் பக்கத்தில் சைமன். பின்னால் மேபல் ரீச்சர் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேலாயுதமும் வந்திருந்தான். அவன் பெயர் ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது. வர ஒரு தேவையும் இல்லை.

அதே சந்தியில் லாசர் நின்றான். இந்த முறை இருபது பேருக்கு மேல். கையில் கொக்கி, சைக்கிள் செயின், பொல்லு.

"திரும்பிப் போ மச்சான்" என்றான் லாசர்.

"துரை கூப்பிட்டிருக்காரு" என்றான் சின்னராசா. சொன்ன பிறகுதான், இதே சொற்களை இதே இடத்தில் தான் யார் வாயிலிருந்து கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

முதல் அடி தோளில். இரண்டாவது காதோடு. அவன் விழவில்லை. கைகளை இடுப்பு வாருக்குள் செருகிக்கொண்டு ஒவ்வொரு அடியாக முன்னேறினான். செயின் முகத்தைக் கிழித்தது. புருவத்திலிருந்து ரத்தம் கண்ணை மூடியது. அடிக்கிறவர்கள் மிரண்டார்கள். திருப்பி அடிக்காத சின்னராசாவை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. சனம் அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. ஒருவன் சைமனின் விலாவில் கத்தியைச் செருகினான். சைமன் "அம்மே" என்று குனிந்து, சாரத்தை அவிழ்த்துக் காயத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, காற்சட்டையோடு நடந்தான். சந்தியைப் பாதிக்கு மேல் கடந்துவிட்டார்கள். விசாரணை நடக்கும் மண்டபத்துக் கூரை தெரிந்தது.

அப்போதுதான் லாசர் சுற்றி வந்து பெண்களுக்குள் புகுந்தான். பெட்டி உடைக்கிற இரும்பு அவன் கையில் இருந்தது. சீனியம்மாவின் தலையில் அது விழுந்த சத்தத்தைச் சின்னராசா கேட்டான். திரும்பிப் பார்த்தான். அவள் முழங்காலில் இருந்தாள். வகிட்டிலிருந்து ரத்தம் மூக்கு வழியே வடிந்தது. லாசர் இரண்டாம் தரம் ஓங்கினான்.

சின்னராசாவின் கைகள் வாரிலிருந்து வெளியே வந்தன.

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னார்கள். இரும்பு இறங்குமுன் அவன் அதைப் பிடித்ததும், நொறுங்கிய கையாலேயே லாசரின் தொண்டையைப் பற்றியதும், மதிலில் சாத்தி வைத்து முகத்தில் இடித்ததும் எல்லார் கதையிலும் உண்டு. தாடை இரண்டாய்ப் பிளந்த பிறகும் அவன் இடித்தான். காப்பாற்ற வந்த ஒருவனைத் தூக்கிச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தான். இன்னொருவனின் முழங்கால் மறுபக்கம் மடிந்தது. சண்டியர் எல்லாரும் அவனைச் சூழ்ந்தார்கள். அவன் மிருகம் மாதிரி உறுமிக்கொண்டே சுழன்றான்.

"போங்கடி! போங்க!" என்று இடையில் ஒரு தரம் கத்தினான்.

மேபல் ரீச்சர்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். சீனியம்மாவைக் கக்கத்தில் தாங்கி எழுப்பி, "ஓடுங்கோ" என்று சனத்தைத் தள்ளினாள். எல்லாச் சண்டியரும் ஒருவன் மேல் விழுந்திருந்த அந்த இடைவெளியில் தோட்டம் முழுவதும் சந்தியைக் கடந்து மண்டபத்துக்குள் போயிற்று.

பொலிஸ் வந்தது. குண்டாந்தடி முதலில் இறங்கியது சின்னராசாவின் தலையில்தான். நின்றுகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தானே.

கனகசபாபதி பொலிஸ் கூட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் யாருடையதோ ரத்தம் காய்ந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"சீனி?" என்றான் சின்னராசா.

"தையல் போட்டிருக்கு. சீவனுக்குப் பயமில்லை. தலையில சீலையைச் சுத்திக்கொண்டு துரைக்கு முன்னால நிண்டவ. எதிர்ப்பக்கத்து ஆள் கேட்டார், நீ குண்டுக்குப் பயந்து ஓடினியோ எண்டு. இண்டைக்கே ஓடேல்லை, அண்டைக்கு எப்பிடி ஓடுவன் எண்டு கேட்டவ. ரத்தம் மேசையில சொட்டினது. துரை பேனையைக் கீழ வைச்சிட்டார்."

"சைமன்?"

கனகசபாபதியின் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோயிற்று. "அவன் விலாவைப் பொத்திக்கொண்டு சாட்சிக் கூட்டில ஏறினான். 'மே மினிஸ்ஸு திவ்வே நே. அபி தமய் திவ்வே' எண்டான். இந்தச் சனம் ஓடேல்லை, நாங்கள்தான் ஓடினது. எங்களுக்கு ஓட ஊர் இருந்தது, இவையளுக்கு இதுதான் ஊர் எண்டான். அதுக்குப் பிறகு எனக்குப் பேச ஒண்டும் இருக்கேல்லை. உங்கட தோட்டத்துப் பேர் எல்லாம் நிண்டிட்டுது."

சின்னராசா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"எல்லாமில்லை" என்றார் பிரக்கிராசி. "உம்மட பேரையும் கூப்பிட்டவை. நீர் இல்லை. பொலிசில நிக்கிறார் எண்டு சொல்லி வேற நாளுக்குத் தவணை கேட்டனான். தெருவில சண்டை பிடிச்சுப்போட்டு மறியலில இருக்கிறவனுக்குத் தவணை இல்லையெண்டு மறுபக்கம் வாதாடிச்சுது. துரை வெட்டிப்போட்டார்." அவர் குரல் உயர்ந்தது. "வாக்குத் தந்தனீர்! இன்னும் கொஞ்சத் தூரம் பொறுத்திருந்தால்…" அதோடு நிறுத்திக்கொண்டார். பொறுத்திருந்தால் சீனியம்மா இருந்திருக்கமாட்டாள் என்பது அவருக்கும் தெரிந்துதானிருந்தது.

லாசரின் தாடைக்காகச் சின்னராசா வெலிக்கடைச் சிறையில் மறியல் கிடந்தான். அவனுக்காக நீதவான் கோட்டில் பேசியவரும் கனகசபாபதிதான். தண்டனையைக் குறைக்கத்தான் அவரால் முடிந்தது. சவரிமுத்து முதலாளியை யாரும் கேள்வி கேட்கவில்லை. மறியலுக்குள் முதலாளியின் ஆட்கள் இருவர் ஒருநாள் கூர் தீட்டிய கரண்டியால் அவன் வயிற்றைக் கிழிக்கப் பார்த்தார்கள். அங்கே அவனுக்கு வாக்கு ஒன்றும் இருக்கவில்லை. அதன் பிறகு அவன் பக்கம் யாரும் வரவில்லை.

தேர்தல் நாளன்று அவன் மறியலிலிருந்து விடுபட்டு வெளியே இருந்தான். வாக்குச் சாவடிக்குப் போகும் பாதையில் சண்டியர் சிலர் நின்றார்கள். வேலாயுதம், சைமன், கழுத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தோல் சுருங்கிப்போன றவூப் நானா என்று இந்தப் பக்கமும் ஆட்கள் நின்றார்கள். கல் இரண்டு மூன்று பறந்ததோடு சரி. சீனியம்மா வெளுத்த சேலை கட்டி, தழும்பை மறைக்காமல் தலை வாரி முடிந்துகொண்டு உள்ளே போனாள். சின்னராசா சாவடி எல்லைக் கோட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றான். உள்ளே யாரோ அவள் பெயரை உரக்க வாசிப்பது அவனுக்குக் கேட்டது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. வோட்டுப் போடுகிறவர் மறைப்புக்குள் போய்த் தனக்குப் பிடித்த நிறத்தில் தாளைப் போட்டுவிட்டு வருவார். சீனியம்மா வெளியே வந்ததும் சின்னராசா கேட்டான்: "எந்தப் பெட்டியில போட்ட?"

"அதைச் சொல்லக் கூடாதாம். ரகசியமாம். துரை சொன்னாரு."

"எனக்குமா?"

"உங்களுக்குந்தான்."

அவன் முகம் சிவந்தது. விலா, விரல், பல், மறியல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக் கத்தப் போனவன், அவள் நின்ற நிலையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். கொச்சிக்கடை வரைக்கும் அவள் முன்னால் நடந்தாள்.

வெள்ளைக்காரன் போனான். அந்த வருஷமே இந்திய வழி வந்தவரைப் பிரஜைகள் அல்ல என்று ஒதுக்கும் குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. அதற்கு அடுத்த வருஷம், பிரஜை அல்லாதவருக்கு வோட்டு இல்லை என்று தேர்தல் சட்டமும் மாறியது. தோட்டத்துப் பெயர்கள் இடாப்பிலிருந்து மொத்தமாகப் போயின. சந்தியில் யாரும் பொல்லோடு நிற்கத் தேவைப்படவில்லை. கனகசபாபதி மறுபடியும், இந்தத் தரம் குடியுரிமை கேட்டு, விண்ணப்பங்களை எழுதத் தொடங்கினார். அவருடைய மைத்துனரும் ஒருநாள் வந்து, பேசாமல் இருந்து எழுதிக் கொடுத்தார். சின்னராசா றவூப் நானாவின் கடையில் மூட்டை ஏற்றி இறக்கினான். பின்னேரங்களில் சனத்தைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குக் கோச்சி ஏறினான்.

ஒருநாள் கோச்சிக்குள், கடல் காற்றில் சேலை பறக்க இருந்த சீனியம்மாவிடம் அவன் மெல்லக் கேட்டான்: "இப்பத்தான் வோட்டே இல்லையே. அன்னிக்கு எந்த நிறமுன்னு சொல்லேன்."

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"கேஸ் இன்னும் முடியல்லையே" என்றாள்.